பாடம் புரிய வேண்டும் என்னும் உரிமை: அமெரிக்காவில் ஆங்கிலம் பயிலும் மாணவர்களும் சட்டமும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் அரசுப் பள்ளிகளில் 2021-ஆம் ஆண்டு இலையுதிர் காலக் கணக்கின்படி சுமார் 53 லட்சம் பிள்ளைகள் "ஆங்கிலம் பயிலும் மாணவர்" என்று வகைப்படுத்தப்பட்டிருந்தனர். மொத்த மாணவர்களில் இது நூற்றுக்கு 10.6 பேர் ஆகும். இவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினரின் வீட்டு மொழி ஸ்பானிஷ். எஞ்சியோர் அரபு, சீனம், வியட்நாமிய மொழி முதலிய பற்பல மொழிகளைப் பேசும் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். டெக்சாஸ் மாநிலத்தில் ஐந்து மாணவர்களுக்கு ஒருவர் இவ்வகையினர். இவர்கள் அனைவரும் அண்மையில் குடியேறியவர்கள் என்று எண்ணிவிடலாகாது. பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள்.

பள்ளியின் மொழியை அறியாத பிள்ளைக்கு அரசு என்ன கடமைப்பட்டுள்ளது என்னும் கேள்வி பல நாடுகளில் எழுந்துள்ளது. பல மொழிகள் வழங்கும் நாடுகள் இதனை மொழி உரிமையாகக் கருதிச் சட்டம் செய்தன. அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் சென்றது. எந்த மொழிக்கும் பயிற்று மொழி என்னும் தகுதியை அது உறுதி செய்யவில்லை. வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்குப் பாடம் புரிய வேண்டும் என்பதே அது வற்புறுத்திய கடமையாகும். இக்கடமை எவ்வாறு உருவாயிற்று, நிர்வாகத்தில் எவ்வாறு செயற்பட்டது, எவ்விடங்களில் தளர்ந்தது என்பவை கல்வித்துறை அலுவலர்களும் மாணவர்களும் அறியத்தக்கவை.

தொடக்கம்

முதல் உலகப் போரை ஒட்டி எழுந்த ஜெர்மானிய எதிர்ப்புணர்வில் அமெரிக்க மாநிலங்கள் பலவும் பிற மொழிகளைப் பள்ளிகளிலிருந்து விலக்கின. நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் இயற்றிய சட்டம், எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர்த்த வேறெந்தப் பேச்சு மொழியையும் கற்பிப்பதைக் குற்றமாக்கிற்று. லூத்தரன் திருச்சபைப் பள்ளி ஒன்றில் பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் மொழியில் வாசிக்கக் கற்பித்த ராபர்ட் மேயர் என்னும் ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் இத்தண்டனையை நீக்கியது. ஆனால் அத்தீர்ப்பு அளித்தது, ஆசிரியர் கற்பிக்கவும் பெற்றோர் கற்பிக்கச் செய்யவும் உரிய சுதந்திரம் மட்டுமே. அரசுப் பள்ளியில் ஆங்கிலம் அறியாது விழிக்கும் பிள்ளையின் நிலையை அது தொடவில்லை.

அந்நிலையைத் தொடுவதற்கு 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைகள் சட்டம் வழிவகுத்தது. கறுப்பின மக்களின் போராட்டத்தால் பிறந்த இச்சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசின் நிதியுதவி பெறும் எத்திட்டத்திலும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டலாகாது என்று விதித்தது. "மொழி" என்னும் சொல் இதில் இல்லை. பூர்விக நாடு என்பதற்குள் மொழியும் அடங்கும் என்று பின்னர் நிர்வாகமும் நீதிமன்றமும் கொண்ட பொருளே இன்றுவரை இத்துறையின் அடித்தளமாக உள்ளது.

1968 ஜனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் இருமொழிக் கல்விச் சட்டத்தில் கையொப்பமிட்டார். இளமையில் டெக்சாசின் கொட்டுல்லா என்னும் சிற்றூரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் அவர். சட்டத்தை முன்மொழிந்தவர் அதே மாநிலத்தின் செனட்டர் ரால்ப் யார்பரோ. இச்சட்டம் மானியம் வழங்கும் சட்டமாகும். விரும்பிய பள்ளி மாவட்டங்கள் விண்ணப்பித்துப் பணம் பெறலாம், விரும்பாதவை விட்டுவிடலாம். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவின் கீழ், பெரும்பாலும் தன் சொந்த வரி வருவாயுடன் இயங்கும் உள்ளாட்சி அமைப்பு என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

கட்டாயத்தைக் கொணர்ந்தது 1970 மே 25-ஆம் நாளிட்ட ஒரு சுற்றறிக்கை. அன்றைய சுகாதார, கல்வி, நலத்துறையின் குடியுரிமை அலுவலகம் விடுத்த இச்சுற்றறிக்கை, மொழிக்குறையால் பிள்ளைகள் பாடத்தில் பங்கு கொள்ள இயலாதபோது அக்குறையை நீக்கப் பள்ளி மாவட்டம் தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. ஆங்கிலத் திறனை வைத்துப் பிள்ளைகளை மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்புக்கு அனுப்பலாகாது என்றும், பெற்றோருக்கு அறிவிப்புகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்றும் அது கூறிற்று. இவற்றுள் முதலாவது தடை கற்பனையான ஓர் ஆபத்தைக் கருதி எழுதப்பட்டதன்று. கலிபோர்னியாவின் மாண்டரே மாவட்டத்தில் ஸ்பானிஷ் பேசும் ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்ட அறிவுத்திறன் தேர்வின் அடிப்படையில் அத்தகைய வகுப்புகளில் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்கள் சார்பில் தொடுக்கப்பட்ட வழக்கு 1970-இல் உடன்பாட்டில் முடிந்தது. இனி வீட்டு மொழியிலும் தேர்வு நடத்தப்படும் என்று கலிபோர்னியா அரசு ஏற்றுக்கொண்டது. கேள்வியே புரியாத பிள்ளைக்கு விடை தெரியவில்லை என்று முடிவு கட்டிய நிர்வாகம், அப்பிழையைத் திருத்த ஒரு வழக்கு தேவைப்பட்டது.

லாவ் வழக்கு

சான் பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் பேச அறியாத சீன வம்சாவளி மாணவர்கள் 2,856 பேர் இருந்தனர். இவர்களுள் சுமார் 1,000 பேருக்குத் துணைவகுப்பாக ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. ஏறத்தாழ 1,800 பேருக்கு எவ்வித உதவியும் இல்லை. இவர்கள் சார்பில் கின்னி லாவ் என்னும் சிறுவனின் பெயரை முதலாவதாகக் கொண்டு 1970-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது.

மாவட்டத்தின் வாதம் எளியது. கேட்போரை உடனே இணங்கச் செய்வது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கட்டடம், ஒரே ஆசிரியர், ஒரே நூல், ஒரே பாடத்திட்டம் அளிக்கப்படுகிறது. இதில் பாகுபாடு எங்கே? கீழ் நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இவ்வாதத்தை ஏற்றன. ஒவ்வொரு மாணவனும் தன் குடும்பச் சூழலுக்கேற்பச் சில வசதிகளையும் சில குறைகளையும் தன்னுடன் கொண்டே பள்ளிக்கு வருகிறான், அவற்றிற்கெல்லாம் பள்ளி பொறுப்பேற்க முடியாது என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்து.

உச்ச நீதிமன்றம் 1974 ஜனவரி 21 அன்று இம்முடிவை மாற்றியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், கலிபோர்னியாவின் சட்டங்களையே எடுத்து வரிசைப்படுத்தினார். ஆறு முதல் பதினாறு வயது வரை பள்ளிக்கு வந்தாக வேண்டும் என்பது ஒரு சட்டம். பயிற்று மொழி அடிப்படையில் ஆங்கிலமே என்பது மற்றொன்று. ஆங்கிலத்தில் தேர்ச்சி பெறாதவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் சான்றிதழ் இல்லை என்பது இன்னொன்று. பிள்ளையைக் கட்டாயமாக வரச் செய்து, அவனுக்குப் புரியாத மொழியில் பாடம் நடத்தி, அம்மொழி தெரியவில்லை என்பதற்காகவே சான்றிதழை மறுக்கும் ஏற்பாட்டில், ஒரே நூலையும் ஒரே ஆசிரியரையும் தருவது சமமாக நடத்துவது ஆகாது என்பது அவர் முடிவு.

இத்தீர்ப்பின் இரு இயல்புகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, அரசியலமைப்பின் சமத்துவ விதியைத் தொடாமல், சிவில் உரிமைகள் சட்டத்தையும் அதன்கீழ் விடுக்கப்பட்ட நிர்வாக விதிகளையும் மட்டுமே அது ஆதாரமாகக் கொண்டது. இச்சிக்கனத்தின் விலை பிற்காலத்தில் தெரிந்தது. இரண்டாவது, பரிகாரம் எது என்று அது சொல்லவில்லை. அப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது ஒரு வழி, சீன மொழியில் பாடம் நடத்துவது மற்றொரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று கூறி, முறையைக் கல்வியாளரிடம் விட்டது. ஆகவே, லாவ் தீர்ப்பு தாய்மொழிக் கல்வி உரிமையை நிலைநாட்டியது என்று சில நூல்களில் காணப்படும் கூற்று சரியன்று.

எண்ணிக்கை என்னும் கேள்வி

தீர்ப்பின் முடிவை நீதிபதிகள் அனைவரும் ஏற்றனர். எனினும் நீதிபதி ஹாரி பிளாக்மன் தனியே ஒரு குறிப்பை எழுதினார். இவ்வழக்கில் ஏறத்தாழ 1,800 பிள்ளைகள் உள்ளனர் என்பதே தம்மைப் பொறுத்தவரை முக்கியம், ஒரே ஒரு பிள்ளையோ சிலரோ மட்டும் இருந்திருப்பின் இத்தீர்ப்பை முடிவானதாகத் தாம் கொள்ள மாட்டார் என்பது அதன் சாரம்.

இந்திய வாசகர்க்கு இக்கேள்வி புதிதன்று. 1949-இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, வேற்று மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் 40 பேரோ வகுப்பில் 10 பேரோ இருப்பின் அவர்களது தாய்மொழியில் தொடக்கக் கல்வி அளிக்க ஓர் ஆசிரியரையேனும் நியமிக்க வேண்டும் என்று முடிவு செய்தது. மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்ட 1956-இல், ஏழாவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 350-ஏ, 350-பி பிரிவுகள் சேர்க்கப்பட்டன. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்வி வசதி அளிக்க ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது முதலாவது. இதனைக் கண்காணிக்கத் தனி அலுவலரை நியமிக்கச் சொல்கிறது இரண்டாவது. கல்வி உரிமைச் சட்டமும் 2009-இல், பயிற்று மொழி "இயன்ற வரை" தாய்மொழியாக இருக்க வேண்டும் என்றது. மறுபுறம், தாய்மொழியையே பயிற்று மொழியாக்கும்படி சிறுபான்மையோர் பள்ளிகளையும் அரசின் உதவி பெறாத தனியார் பள்ளிகளையும் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரமில்லை என்று கர்நாடக வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது.

இந்திய ஏற்பாடு மொழிக்குழுவைக் கருதியது. குழு என்று சொல்லத்தக்க எண்ணிக்கை இருந்தால் அது செயற்படும். வேற்று மாநிலத்தில் வேலை தேடிச் சென்ற தொழிலாளியின் ஒற்றைப் பிள்ளை, பள்ளியில் தன் மொழி பேசும் வேறொருவரும் இல்லாத நிலையில், 40-க்கும் 10-க்கும் வெளியே நிற்கிறான். அவனுக்குத் தேவைப்படுவது பள்ளியின் மொழியைக் கற்க உதவி. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கப்பட்ட ரோஷ்னி திட்டம் இத்தேவையை உணர்ந்ததாகும். இந்தி, வங்காளி, ஒடியா முதலிய மொழிகளை அறிந்த தொண்டர்களைக் கொண்டு, பள்ளி நேரத்திற்கு முன் சிற்றுண்டியும் அளித்து, இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளுக்கு மலையாளம் பயிற்றுவது அதன் முறை.

அமெரிக்காவிலும் மாநிலச் சட்டங்கள் சில எண்ணிக்கையைப் பார்க்கின்றன. டெக்சாசில் ஒரு பள்ளி மாவட்டத்தின் ஒரே வகுப்பு நிலையில் ஒரே வீட்டு மொழியினர் 20 பேர் இருந்தால் இருமொழி வகுப்பு நடத்த வேண்டும். ஆனால் அதற்குக் குறைந்தால் கடமையே இல்லை என்று பொருளன்று; இருமொழி வகுப்புக்குப் பதில் தனி ஆங்கிலப் பயிற்சியாவது அளித்தாக வேண்டும். கடமை ஒரு பிள்ளைக்கும் உண்டு, அதன் வடிவம் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பது அங்கு நிலைபெற்ற நடைமுறை.

மூன்று கேள்விகள்

லாவ் தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் காங்கிரஸ் சமக் கல்வி வாய்ப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இன ஒதுக்கலை ஒழிக்கப் பிள்ளைகளைப் பேருந்தில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்துவதே அச்சட்டத்தின் முதன்மை நோக்கம். அதன் நடுவே ஓர் உட்பிரிவாக, மாணவர் கல்வித் திட்டத்தில் சமமாகப் பங்கு கொள்வதைத் தடுக்கும் மொழித் தடைகளை நீக்கத் "தகுந்த நடவடிக்கை" எடுக்கத் தவறுவது சமவாய்ப்பை மறுப்பதாகும் என்று சேர்க்கப்பட்டது. வேறொரு நோக்கத்திற்காக வந்த சட்டத்தின் இந்த ஒற்றை வாக்கியம், அரை நூற்றாண்டாக மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளின் முதன்மையான கேடயமாக விளங்கி வருவது சட்ட வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. மொழித் தடை என்பது அயல்நாட்டு மொழியைப் பற்றியது மட்டுமன்று என்பதும் விரைவிலேயே தெளிவாயிற்று. 1979-இல் மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகர வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளின் வீட்டுப் பேச்சு வழக்கை அறியாத ஆசிரியர்களால் வாசிப்புக் கல்வி தடைப்படுவதையும் நீதிமன்றம் இப்பிரிவின்கீழ்க் கொணர்ந்தது.

"தகுந்த நடவடிக்கை" என்பதற்கு அளவுகோல் என்ன? இதற்கு விடையளித்தது 1981-ஆம் ஆண்டின் காஸ்டன்யேடா எதிர் பிக்கார்டு வழக்கு. டெக்சாசின் தென்கோடியில், மெக்சிகோ எல்லைக்கு அருகில், ரேமண்ட்வில் என்னும் சிறிய பள்ளி மாவட்டத்தின்மீது பெற்றோர் தொடுத்த வழக்கு அது. ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வகுத்தது. மாவட்டம் மேற்கொண்ட முறை, துறை வல்லுநர் சிலரேனும் ஏற்கத்தக்க கல்விக் கோட்பாட்டின்மேல் அமைந்ததா? அம்முறையைச் செயற்படுத்தப் போதிய ஆசிரியரும் நூலும் பணமும் உண்மையில் அளிக்கப்பட்டனவா? போதிய காலம் நடத்திய பின்னர் மொழித் தடை நீங்கியது என்று விளைவுகள் காட்டுகின்றனவா?

முதற்கேள்வியில் மாவட்டம் எளிதில் தேறியது. கோட்பாட்டுச் சண்டையில் நீதிமன்றம் தலையிட விரும்பவில்லை. இரண்டாம் கேள்வியில்தான் அது தடுமாறிற்று. இருமொழி வகுப்பு நடத்துவதாகச் சொன்ன மாவட்டத்தின் ஆசிரியர்கள் பலருக்கு ஸ்பானிஷ் மொழி சரளமாக வராது. அவர்கள் பெற்ற பயிற்சி 100 மணி நேரம். அதில் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட சொற்கள் ஏறக்குறைய 700. இத்தகைய சொல்வளத்தைக் கொண்டு வகுப்பு நடத்துவது திட்டத்தைக் காகிதத்தில் மட்டுமே நிறைவேற்றுவதாகும் என்று நீதிமன்றம் கருதியது. பிள்ளைகளின் பாட அறிவை ஆங்கிலத்தில் மட்டுமே சோதித்ததையும் அது குறையாகக் கண்டது. கணக்கையும் அறிவியலையும் ஸ்பானிஷ் மொழியில் கற்ற பிள்ளை என்ன கற்றான் என்பதை அம்மொழியில் கேட்டாலன்றி அறிய முடியாது அல்லவா?

மற்றொரு நுட்பமும் இத்தீர்ப்பில் உண்டு. பள்ளி முதலில் ஆங்கிலத்தில் முழுக் கவனம் செலுத்திப் பிற பாடங்களைத் தற்காலிகமாகப் பின்தள்ளலாம். ஆனால் அதனால் ஏற்படும் பாடக் குறையைப் பின்னர் ஈடுகட்டும் கடமை பள்ளிக்கு உண்டு. மொழி வந்துவிட்டது, ஆனால் மூன்றாண்டுக் கணக்குப் பாடம் போய்விட்டது என்ற நிலையில் பிள்ளையைக் கைவிடலாகாது. இம்மூன்று கேள்விகளையே மத்திய அரசின் அலுவலர்களும் பிற வட்ட நீதிமன்றங்களும் பின்னர் ஏற்றுக்கொண்டனர். எந்நாட்டுக் கல்வித் திட்டத்தையும் மதிப்பிட இவை பயன்படும். குறிப்பாக இரண்டாவதும் மூன்றாவதும். திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் முதற்கேள்விக்கு விடை எழுதுவதோடு நின்றுவிடுகின்றன.

அடுத்த ஆண்டு, டெக்சாசிலிருந்தே பிளைலர் வழக்கு உச்ச நீதிமன்றத்திற்கு வந்தது. சட்டப்படி நாட்டிற்குள் அனுமதிக்கப்படாத பிள்ளைகளின் கல்விக்கு அம்மாநிலம் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிதி மறுத்திருந்தது. டைலர் என்னும் நகரப் பள்ளி மாவட்டம் அவர்களிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. 1982 ஜூனில் ஐவருக்கு நால்வர் என்ற வாக்கில் இது செல்லாதென முடிவாயிற்று. பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளையைத் தண்டித்துக் கல்வியற்ற ஒரு வகுப்பை நிரந்தரமாக உருவாக்கலாகாது என்பது நீதிபதி வில்லியம் பிரெனனின் வாதம்.

முறை பற்றிய பூசல்

லாவ் தீர்ப்பு முறையைக் கல்வியாளரிடம் விட்டது. அரசியல் அதனைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1980-இல் மத்திய அரசு இருமொழிக் கல்வியை விரிவாகக் கட்டாயமாக்கும் விதிகளை முன்மொழிந்தது. ஆட்சி மாறியதும், 1981 பிப்ரவரியில் கல்விச் செயலர் டெரல் பெல் அவற்றைத் திரும்பப் பெற்றார்.

1998 ஜூனில் கலிபோர்னிய வாக்காளர்கள் 227-ஆம் முன்மொழிவை ஏற்றனர். இதன்படி, ஆங்கிலம் அறியாத பிள்ளைகளை வழக்கமாக ஓராண்டுக்கு மேற்படாமல் ஆங்கிலத்திலேயே அமிழ்த்திப் பயிற்றி, உடனே பொது வகுப்புக்கு அனுப்ப வேண்டும். அரிசோனா 2000-இலும் மாசசூசெட்ஸ் 2002-இலும் இவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்னியாவின் மாற்றத்தை ஐந்தாண்டு ஆராய்ந்து 2006-இல் வெளியான மதிப்பீடு, ஒரு முறை மற்றொன்றைவிடத் திண்ணமாகச் சிறந்தது என்று கூறச் சான்றில்லை என்றது. 2016 நவம்பரில் அதே கலிபோர்னிய வாக்காளர்கள் 58-ஆம் முன்மொழிவால் பழைய தடையை நீக்கினர். மாசசூசெட்ஸ் 2017-இல் தன் தடையைத் தளர்த்தியது. இடைப்பட்ட காலத்தில் 2011-இல், இரு மொழிகளில் தேர்ச்சி பெற்றுப் பள்ளி முடிக்கும் மாணவரின் சான்றிதழில் தனி முத்திரை பொறிக்கும் ஏற்பாட்டைக் கலிபோர்னியாவே முதலில் சட்டமாக்கியது. குறையென்று கருதப்பட்ட வீட்டு மொழி, சான்றிதழில் ஏறும் தகுதியாயிற்று.

மத்தியச் சட்டத்திலும் மாறுதல்கள் நேர்ந்தன. 2002 ஜனவரியில் கையொப்பமான சட்டம் 1968-ஆம் ஆண்டு இருமொழிக் கல்விச் சட்டத்திற்கு மாற்றாக வந்தது. "இருமொழி" என்னும் சொல்லை அது தலைப்பிலிருந்து அகற்றி, ஆங்கிலத் தேர்ச்சியை ஆண்டுதோறும் அளக்கும் கடமையை விதித்தது. 2015 டிசம்பரில் வந்த சட்டம் இத்தேர்ச்சியைப் பள்ளியின் பொது மதிப்பீட்டிலேயே ஓர் அளவாகச் சேர்த்தது. இதற்கென மத்திய அரசு ஒதுக்கும் மானியம் 2023-ஆம் நிதியாண்டில் சுமார் 89 கோடி டாலர்; பிள்ளை ஒன்றுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 170 டாலருக்கும் குறைவு. செலவின் பெரும்பகுதி மாநிலத்தையும் உள்ளாட்சியையுமே சார்கிறது.

பள்ளியில் நடப்பது

பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டில் பேசும் மொழி எது என்று ஒரு படிவத்தில் கேட்கப்படுகிறது. ஆங்கிலம் அல்லாத விடை வந்தால், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் ஆகியவற்றில் சோதனை நடைபெறும். பள்ளி ஆண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் முடிவைப் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். தனிப்பயிற்சி வேண்டாம் என்று மறுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. அவ்வாறு மறுத்தாலும் பிள்ளையைக் கண்காணிக்கும் கடமை பள்ளியை விட்டு நீங்குவதில்லை. தேர்ச்சி பெற்றதும் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும். அதன் பின்னும் குறைந்தது ஈராண்டு கவனிக்க வேண்டும் என்பது நடைமுறை.

இவற்றுள் மிகக் கடினமானது பெயர் நீக்கும் கட்டமே. கனடாவைச் சேர்ந்த அறிஞர் ஜிம் கமின்ஸ் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். விளையாட்டுத் திடலிலும் கடையிலும் பேசும் மொழி ஈராண்டில் வந்துவிடும். பாடநூலைப் படித்துக் கருத்தை வாதித்து எழுதும் மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். சரளமாகப் பேசும் பிள்ளையைக் கண்டு ஆசிரியர் உதவியை நிறுத்துகிறார். அடுத்த வகுப்பில் அவன் வரலாற்றுப் பாடத்தில் தடுமாறும்போது சோம்பேறி என்கிறார். மறுபுறம், பட்டியலில் நீண்ட காலம் வைத்திருப்பதும் தீங்கு விளைக்கிறது. ஆறாண்டுகளுக்கு மேலாகியும் தேர்ச்சி பெறாதவர்களைக் கலிபோர்னியா "நெடுங்கால ஆங்கிலப் பயிலுநர்" எனத் தனியே கணக்கெடுக்கிறது. தனி மொழி வகுப்புக்காக அறிவியலையோ விருப்பப் பாடத்தையோ இழக்கும் பிள்ளை கல்லூரிக்குத் தேவையான பாடங்களை முடிக்காமலே பள்ளியை விடும் நிலை ஏற்படுகிறது. உதவி செய்ய வைத்த பட்டியல், சரியான நாளில் வெளியே விடாவிட்டால், தனி ஒதுக்கலாகவே முடியும்.

குறை உண்மையில் மொழிக்குறையா, கற்றல் குறைபாடா என்று பிரித்தறிவதும் இன்றுவரை எளிதாகவில்லை. ஆங்கிலம் அறியாமை ஒன்றையே காரணமாகக் கொண்டு ஒரு பிள்ளையை ஊனமுற்றவன் என்று வகைப்படுத்தலாகாது என்பது மத்தியச் சட்டத்தின் தெளிவான விதி. ஆயினும் இரு குறைகளும் ஒருங்கே உள்ள பிள்ளைக்கு "முதலில் மொழி வரட்டும்" என்று சிறப்புக் கல்வியைத் தள்ளிப்போடுவதும் விதிமீறலே. இப்பிள்ளையின் மொழியையும் அறிந்து, குறைபாட்டைக் கண்டறியும் பயிற்சியும் பெற்ற ஒருவர் பள்ளியில் கிடைப்பது அரிது.

தளர்ந்த தூண்கள்

லாவ் தீர்ப்பு நிர்வாக விதிகளை மட்டுமே சார்ந்திருந்தது என்று மேலே கூறப்பட்டது. 2001-இல் அலபாமா மாநிலத்தின் ஓட்டுநர் உரிமத் தேர்வு பற்றிய சாண்டோவல் வழக்கில், பாகுபாட்டு நோக்கமின்றி விளைவால் மட்டுமே பாதிப்பு நேரும்போது, அந்நிர்வாக விதிகளைக் காட்டித் தனிநபர் வழக்குத் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. லாவ் குடும்பத்தார் 1970-இல் சென்ற வழி இதனால் அடைபட்டது. பெற்றோருக்கு எஞ்சியது 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்த ஒற்றை வாக்கியமே. தனிநபர் வழக்குரிமையை அச்சட்டம் வெளிப்படையாகவே அளித்துள்ளது.

அந்த வழியும் எத்தகையது என்பதை நொகாலஸ் வழக்கு காட்டும். அரிசோனாவில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய அந்நகரின் பெற்றோர், ஆங்கிலம் பயிலும் பிள்ளைகளுக்கு மாநிலம் போதிய நிதி ஒதுக்கவில்லை என்று 1992-இல் வழக்குத் தொடுத்தனர். 2000-இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மாநிலம் இணங்காமற்போகவே அபராதங்களும் விதிக்கப்பட்டன. 2009-இல் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற வாக்கில் வழக்கை மறு ஆய்வுக்கு அனுப்பியது. சட்டம் கேட்பது தகுந்த நடவடிக்கையை, குறிப்பிட்ட அளவு பணத்தையன்று; மாறிய நிலைமைகளைக் கீழ் நீதிமன்றம் கருத வேண்டும் என்றது அது. முடிவில் மாநிலமே வென்றது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

நீதிமன்றம் செல்ல இயலாதோர்க்கு இருந்த எளிய வழி, கல்வித்துறையின் குடியுரிமை அலுவலகத்திற்கு முறையீடு அனுப்புவதாகும். அதற்குச் செலவில்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 2025 மார்ச்சில் இவ்வலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளுள் 7 மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அதே மாதம் முதல் நாளில் ஆங்கிலத்தை அந்நாட்டின் ஆட்சி மொழியாக அறிவித்த குடியரசுத் தலைவர் ஆணை, ஆங்கிலம் அறியாதோர்க்கு அரசு சேவைகள் கிடைக்கச் செய்யும் 2000-ஆம் ஆண்டு ஆணையை நீக்கியது. ஆங்கிலம் பயிலும் மாணவர்பால் பள்ளிகளின் கடமைகளை விளக்கி 2015-இல் வெளியிடப்பட்ட வழிகாட்டுரையும் அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. 1964, 1974-ஆம் ஆண்டுச் சட்டங்களோ லாவ் தீர்ப்போ இவற்றால் நீங்கிவிடவில்லை. பள்ளியின் கடமை ஏட்டில் அப்படியே உள்ளது. கடமை தவறிய பள்ளியைப் பற்றிக் கேட்க வரும் அலுவலர் குறையும்போது, பெற்றோர் மீண்டும் நீதிமன்றத்தையே நாட வேண்டியிருக்கும். நொகாலஸ் வழக்கு முடிய 23 ஆண்டுகள் பிடித்தன. அது தொடங்கியபோது முதல் வகுப்பில் இருந்த பிள்ளைக்கு, அது முடிந்தபோது வயது முப்பதை எட்டும் நிலையில் இருந்தது.